பாலும் வேண்டாம், பலவந்தமும் வேண்டாம்: பால் பைத்தான் குட்டி உண்ண மறுத்தால்

கேள்வி: எங்கள் 15 வயது மகன் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், மூன்று வாரங்களுக்கு முன், நவம்பர் இறுதியில், ஊர்வனவற்றுக்கான கண்காட்சி ஒன்றில் பால் பைத்தான் குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். எடை 72 கிராம். நான்கு முறை உயிருள்ள சுண்டெலிக் குஞ்சைத் தின்றிருப்பதாக விற்றவர் கூறினார். எங்கள் வீட்டில் இதுவரை ஒன்றுமே தின்னவில்லை. உறையவைத்த சுண்டெலியை இளக்கி, தனிப் பெட்டிக்குப் பாம்பை மாற்றி, ஐந்து முறை கொடுத்துப் பார்த்தோம், பந்தாகச் சுருண்டுகொள்கிறது. கீழ்த்தளத்தில் மகனின் அறையில், வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, அடியில் வெப்பப் பாய், பாதியாகப் பிளந்த மரக்குற்றி, தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றோடு வைத்திருக்கிறோம். கண்ணாடியில் ஒட்டியுள்ள மானி வெப்பநிலை 27 பாகை, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று காட்டுகிறது. பழக்கப்படுத்துவதற்காக மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் அதைக் கையில் வைத்திருப்பான். வாயைத் திறந்து ஊட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். கிண்ணத்தில் பால் வைத்துப் பார்க்கும்படி மாமி சொல்கிறார். செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் நான்கு வயது மகளும் இருக்கிறாள்.
கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியின் பாலில் இருந்தே தொடங்குகிறேன். இந்தப் பாம்பின் பெயரில் உள்ள "பால்" நாம் குடிக்கும் பால் அன்று. ஆங்கிலத்தில் பந்து என்று பொருள். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது. பிரித்தானியாவில் இதே பாம்பை ராயல் பைத்தான் என்பார்கள். புற்றில் பால் வார்க்கும் வழக்கத்தில் வளர்ந்த மாமி அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் பாம்பின் உடலால் பாலைச் செரிக்க முடியாது. தண்ணீர் கிடைக்காமல் தாகத்தில் இருக்கும் பாம்புதான் கண்ட திரவத்தையும் குடிக்கும். ஆகவே கிண்ணத்தில் நல்ல தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

மூன்று வாரம் உண்ணாததால் மட்டும் 72 கிராம் எடையுள்ள ஆரோக்கியமான குட்டி இறந்துவிடாது. அதே வேளையில், "பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், கவலை வேண்டாம்" என்று பலரும் சொல்லும் ஆறுதலையும் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் வளர்ந்த பாம்புக்குப் பொருந்தும். குட்டியிடம் அத்தகைய சேமிப்பு இல்லை. அதனால் பதறவும் தேவையில்லை, வாளாவிருக்கவும் முடியாது. உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். குட்டி ஏன் உண்ணவில்லை என்பதற்கான விடை கிட்டத்தட்ட முழுவதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் குட்டிக்கு உணவு பிடிக்காமல் போகவில்லை; இருக்கும் இடத்தை அது இன்னும் நம்பவில்லை.

இந்த இனம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்து கானா, டோகோ, பெனின் வழியாகக் கிழக்கே உகண்டா வரையிலான புல்வெளிகளுக்கு உரியது. பகல் முழுவதும் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடந்து, இருட்டிய பின் வெளியே வரும். தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும். ஆனால் குஞ்சு பொரித்த பின் அவை தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெனினின் வீடா நகரில் இவற்றுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. நம் ஊர்களில் நாகம்மாளுக்குக் காட்டும் மரியாதையை அங்கே இந்தச் சாதுவான பாம்புக்குக் காட்டுகிறார்கள். கோயிலுக்கு வெளியே, முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு குட்டிக்குப் பருந்தும் கீரியும் பெரிய பாம்பும் எமன்கள். மேலே இருந்து இறங்கி வந்து தன்னைத் தூக்குகிற எதுவும் அதற்குச் சாவின் அறிகுறி. நான்கு பக்கமும் வெளிச்சம் புகும் கண்ணாடித் தொட்டியில், இரு முனையும் திறந்த ஒரு மரக்குற்றிக்குள், நாள்தோறும் ஒரு கை வந்து தூக்கும் நிலையில், அது எந்தத் துணிவில் வாயைத் திறந்து இரையைப் பிடிக்கும்? இரையை விழுங்கும் நேரத்தில் பாம்பால் தப்பி ஓடவும் முடியாது, தற்காத்துக்கொள்ளவும் முடியாது. பாதுகாப்பு உறுதியாகும் வரை உண்ணாமல் இருப்பதே அதற்கு அறிவுடைமை.

எனவே முதல் வேலை இருப்பிடத்தைச் சீர்படுத்துவது. உங்கள் தொட்டியைத் திருத்தலாம். ஆனால் உண்ணத் தொடங்காத குட்டிக்கு நான் வழக்கமாகச் சொல்வது, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, மூடியை இறுக்கிப் பூட்டக்கூடிய பெட்டியை வாங்கி, பக்கச் சுவர்களின் மேற்பகுதியில் சிறு துளைகள் இடுங்கள். பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டியும் நுழைந்து போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். அழகாக இருக்காதுதான். கண்ணாடித் தொட்டியின் அழகு பார்க்கும் நமக்கு. உள்ளே இருக்கும் குட்டிக்கு வேண்டியது இருட்டும் இடுக்கும். அது ஒழுங்காக உண்டு வளர்ந்த பின், மூன்று பக்கக் கண்ணாடியையும் மறைத்து, செடி கொடிகளால் நிறைத்து, அதே தொட்டிக்கு மாற்றலாம்.

பெட்டியின் சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என ஒரே மாதிரியான இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்றுதான் இருந்தால், வெப்பமா பாதுகாப்பா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பெரும்பாலும் பாதுகாப்பையே தேர்ந்தெடுத்துக் குளிரில் கிடக்கும். மறைவிடம் சிறியதாக, சுருண்டிருக்கும் உடலின் பக்கங்கள் சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமாக, ஒரேயொரு வாசலுடன் இருக்க வேண்டும். தமிழ் வீட்டில் இதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பெரிய தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டை நன்றாகச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, விளிம்பில் ஒரு வாசல் அறுத்து, அறுத்த இடத்தை அரத்தாள் கொண்டு மழுமழுப்பாக்கிக் கவிழ்த்து வைத்தால், இந்த அளவுக் குட்டிக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கடையில் கிடைக்காது. மிச்ச இடத்தைக் கசக்கிய காகிதத்தாலும் பிளாஸ்டிக் இலைகளாலும் நிரப்புங்கள். ஒரு மறைவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியும் மறைவாகவே இருக்கட்டும்.

அடுத்தது வெப்பம். உங்கள் வெப்பப் பாய்க்கு தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி, இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இன்றே பாயைக் கழற்றிவிடுங்கள். கட்டுப்பாடில்லாத பாயின் மேல் கண்ணாடி 40 பாகையைத் தாண்டிவிடும். பாம்பு அடிவயிற்றுச் சூட்டை உணர்ந்து உடனே விலகும் என்று நம்ப முடியாது. தீக்காயத்தோடு என்னிடம் வரும் பாம்புகளில் பல இப்படிப்பட்ட பாயின் மேல் கிடந்தவையே. தெர்மோஸ்டாட்டோடு பாயைப் பெட்டியின் மூன்றில் ஒரு பகுதிக்கு அடியில் வைத்து, அதன் உணரியைப் பாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் ஒட்டி, உட்தரையில் 32 பாகை நிற்கும்படி சரிசெய்யுங்கள். குளிர்ந்த முனை 25 முதல் 27 பாகைக்குள் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமானி காட்டுவதை நம்ப வேண்டாம். அது சுவரின் வெப்பத்தைத்தான் சொல்கிறது, பாம்பு கிடக்கும் இடத்தின் வெப்பத்தை அன்று. கம்பியுணரி உள்ள டிஜிட்டல் மானிகள் இரண்டு வாங்கி, ஒவ்வொரு சிரட்டைக்குள்ளும் ஒன்றை வையுங்கள்.

பாய் தரையைத்தான் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. கீழ்த்தள அறை டிசம்பர் இரவில் 18 பாகைக்கு இறங்கினால், 32 பாகைத் தரையில் படுத்துக்கொண்டே குட்டி குளிர்ந்த காற்றைச் சுவாசிக்கும். நெஞ்சுச் சளிக்கு அதுவே வழி. ஆகவே குளிர்காலம் முடியும் வரை பெட்டியை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, யன்னலுக்கும் வெளிக்கதவுக்கும் தூரமாக, இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படி நேர்ந்தால் குட்டியை வாய் கட்டிய தலையணை உறைக்குள் விட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு குளிர்காப்புப் பெட்டிக்குள் வைக்கலாம்.

ஈரப்பதம் 30 விழுக்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் நம் உதடே வெடிக்கிறது. வலை மூடி வழியாக ஈரம் முழுவதும் போய்விடும் தொட்டியில் அந்தக் குட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு 60 முதல் 70 விழுக்காடு வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் இன்னும் கூடுதலாக. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினாலே இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். தரையில் தென்னந்தும்புத் தூளை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள்; அதற்குமேல் போட்டால் பாயின் சூடு மேலே வராது. கடையில் கட்டியாக விற்கும் அந்தத் தும்பு பெரும்பாலும் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோதான் வருகிறது என்பது வேறு கதை. குளிர்ந்த பக்கத்து மூலைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியை ஈரமாக்கி, மேற்பரப்பு கைக்கு உலர்வாக இருக்கும்படி பாருங்கள். பாம்பின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். தரை சொதசொதவென்று நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். வாசனை மிகுந்த தேவதாரு, பைன் மரச்சீவல்கள் எந்த நிலையிலும் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் முடித்து, குட்டியை ஒரே ஒரு முறை தூக்கி உள்ளே விட்டு, மூடியைப் பூட்டுங்கள். அதன்பின் ஏழு நாட்கள் யாரும் தொடக்கூடாது. தண்ணீர் மாற்றலாம், மானியைப் பார்க்கலாம். சிரட்டையைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. தம்பிக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கும். கையில் எடுத்தால் பழகும் என்று அவர் நினைப்பது நாய்க்குட்டியின் கணக்கு. உண்ணத் தொடங்காத பாம்புக்குட்டியிடம் அது எதிர்மாறாக வேலை செய்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மாணவனாக இருந்த காலத்தில் நானே இதே இனக் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, தின்றதா தின்றதா என்று இரவில் மூன்று முறை கைவிளக்கு அடித்துப் பார்த்து, ஒரு மாதம் அதைப் பட்டினி போட்டவன். தேர்வுக்காக ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தபோதுதான் அது முதல் எலியைத் தின்றது.

எட்டாம் நாள் மாலை உணவு கொடுங்கள். 72 கிராம் குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது ஏழு முதல் பதினொரு கிராம் வரையிலான இரை போதும். கடைக்காரர்கள் ஹாப்பர் என்று விற்கும், மயிர் முளைத்துக் கண் திறந்த சுண்டெலிக் குஞ்சு ஏறத்தாழ அந்த அளவு இருக்கும். உறைந்ததை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய தனி டப்பாவில் வைத்து இளக்குங்கள். கொடுப்பதற்கு முன் அதைச் சிறு பிளாஸ்டிக் பையிலிட்டு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி, உடல் முழுவதும் சீராகச் சூடேறிய பின், தலையை மட்டும் மேலும் ஒரு நிமிடம் சூடாக்கி, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடிக்கும், வைக்கவே கூடாது. இந்தச் சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக உள்ளன. உயிருள்ள எலியைத் தின்று பழகிய குட்டி, இருட்டில் இரையை மணத்தாலும் அதன் உடற்சூட்டாலும்தான் அறிகிறது. அறை வெப்பத்திலுள்ள செத்த எலி அதன் கணக்கில் இரையே அன்று. நீங்கள் ஐந்து முறை கொடுத்ததில் எத்தனை முறை இரை உண்மையில் சூடாக இருந்தது என்று தம்பியிடம் கேளுங்கள்.

தனிப் பெட்டிக்கு மாற்றி ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் உணவு கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். நான் அதை ஏற்பதில்லை. பயந்த குட்டியைத் தூக்கி வெட்டவெளியில் விட்டுவிட்டு, "இப்போது சாப்பிடு" என்பது விருந்தாளியைத் தெருவில் நிறுத்திப் பந்தி வைப்பதற்குச் சமம். அறை விளக்கை அணைத்து, அரையிருட்டில், நீண்ட இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, சிரட்டை வாசலுக்கு ஒரு சாண் தள்ளி மெல்ல அசையுங்கள். தலை வெளியே வந்து நாக்கு நிதானமாக நீண்டு நீண்டு மடங்கினால் நல்ல அறிகுறி. முகத்தில் இடிக்கக் கூடாது. அது பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டால், கையை அப்படியே மெதுவாக விலக்கி, மூடியைச் சாத்திவிட்டு, அரை மணி நேரம் அந்த அறையில் நடமாட்டமே இல்லாமல் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஆர்வம் காட்டாவிட்டால், எலியை வாசலருகே சிறு மூடியொன்றின் மேல் வைத்துவிட்டுப் போய் உறங்குங்கள். பல குட்டிகள் யாரும் பார்க்காத நள்ளிரவில்தான் உண்ணும். காலையில் மிஞ்சியிருந்தால் எறிந்துவிட வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

மறுத்தால் அடுத்த முயற்சி ஏழு நாள் கழித்தே. மூன்று வாரத்தில் ஐந்து முறை என்பது அதிகம். ஒவ்வொரு தோல்வியும் இடுக்கியையும் எலி வாசனையையும் பயத்தோடு சேர்த்து அதன் நினைவில் பதிக்கிறது. கண்கள் பால்பூத்தது போல நீலம் பாரித்திருந்தால் அது சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடியும்வரை உணவு கொடுக்க முயல வேண்டாம். இரண்டாம் முயற்சியில், எலி விற்கும் கடையில் உயிருள்ள சுண்டெலிகள் கிடந்த படுக்கைச் சீவலில் ஒரு பிடி கேட்டு வாங்கி, சூடாக்கிய எலியை அதில் புரட்டிக் கொடுங்கள். மூன்றாம் முயற்சியில் எலியையும் குட்டியையும் துளையிட்ட சிறு காகிதப் பைக்குள் சேர்த்து, பை வாயை மடித்து, அதன் பெட்டிக்குள்ளேயே சூடான பக்கத்தில் இரவு முழுவதும் விட்டுவிடலாம். அந்த நெருக்கம் சில குட்டிகளுக்குத் துணிவைத் தருகிறது. இதற்கிடையில் விற்றவரைத் தொடர்புகொண்டு, குட்டி இங்கேயே முட்டையிலிருந்து வந்ததா, ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியானதா என்று கேளுங்கள். கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டுத் தாய்களின் முட்டைகளைப் பொரிக்கவைத்து ஏற்றுமதி செய்யும் வழக்கம் உண்டு. அப்படி வந்தவற்றிடம் ஒட்டுண்ணிகளை எதிர்பார்க்க வேண்டும்.

மூன்று முயற்சியும் தோற்றால், கண் திறந்து சில நாளே ஆன உயிருள்ள ஹாப்பர் ஒன்றை, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முறை கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். விரும்பிச் சொல்லும் வழி அன்று. குட்டி அறிந்த ஒரே உணவு அது என்பதால் சொல்கிறேன். பதினைந்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிட வேண்டும். வளர்ந்த எலியை உயிரோடு உள்ளே விடுவது எந்தக் காலத்திலும் கூடாது; பசித்த எலி பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துவிடும். வாயைத் திறந்து ஊட்டுவதைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். அந்தத் தாடை எலும்புகள் தீக்குச்சி அளவு மெல்லியவை. வாயில் புண்ணும், விழுங்கியதைக் கக்குதலும், மனிதக் கையின் மேல் தீராத அச்சமுமே மிஞ்சும். அது தேவைப்படும் நிலை வந்தால் மருத்துவரின் மேசையில் நடக்கட்டும்.

அந்த நிலையை எப்படி அறிவது? சமையலறைத் தராசு போன்ற, கிராம் காட்டும் ஒரு தராசைப் பாம்புக்கென்றே வாங்கி, முதல் வாரம் கழிந்தபின் வாரம் ஒருமுறை, சிறு டப்பாவில் விட்டு நிறுத்து, தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். தொடுவதற்குத் தம்பிக்கு நான் அனுமதிக்கும் ஒரே காரணம் இதுதான். எடை 65 கிராமுக்குக் கீழே போனால், பட்டினியின் எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொண்டிராமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். புதிய மலம் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். மூச்சில் சீழ்க்கை அல்லது சலசலப்பு, மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி வைத்திருத்தல், தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் போல மிதக்கும் கறுத்த உண்ணிகள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எடையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஸ்பைடர் என்ற நிறவகைக் குட்டியானால் தலை ஆட்டம் பிறப்பிலேயே வரும் நரம்புக் குறை. அவை இரையைக் குறிதவறிப் பாயும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் சின்ன மகளைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும். பாம்பும் அதற்குக் கொடுக்கும் எலியும் சால்மனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். உறையவைத்தால் அது சாகாது. பாம்புகளோடும் தீனி எலிகளோடும் தொடர்புடைய தொற்றுகள் குறித்துக் கனடாவின் பொதுச் சுகாதார முகமை எச்சரித்திருக்கிறது, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது கடுமையாக வரலாம். மகள் பார்க்கலாம், தொட வேண்டாம். எலியை இளக்கும் பாத்திரமும் இடுக்கியும் சமையலறைத் தொட்டியில் கழுவப்படக் கூடாது. பாம்பையோ பெட்டியையோ தொட்ட ஒவ்வொரு முறையும் தம்பி சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முதல் இரையை உண்டபின் இரண்டு நாள் தொடாமல் விட்டு, அடுத்த இரையை ஏழாம் நாளில் கொடுங்கள். தொடர்ந்து மூன்று முறை உண்டு, கக்காமல் இருந்தால், தம்பி அதைக் கையில் எடுக்கத் தொடங்கலாம்: முதலில் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை, மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் கையைக் கொடுத்து, நடுவுடலைத் தாங்கி. அவருக்கு அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்துசேர்ந்த பால் பைத்தான் ஒன்று, 60 வயதைத் தாண்டியிருக்கும் என்று கணிக்கப்பட்ட நிலையில், 2020 ஜூலையில் முட்டையிட்டது. வீடுகளில் 20, 30 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். தம்பி பல்கலைக்கழகம் போகும்போது இதை யார் பார்ப்பது என்பதை நீங்கள் இப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது. எடைக் குறிப்பேட்டின் முதல் ஆறு வாரப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் எலி மறுத்த நாட்களும் தவறாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.